கரையேறிய பின்

பலசாலி ஒருவனும் எளியவன் ஒருவனும் மோதினால், பார்த்துக்கொண்டிருப்பவர்களுடைய மனம் பெரும்பாலும் எளியவன் பக்கமே சாயும். அவன் யார், எந்த ஊர், அவன் கட்சியில் நியாயம் இருக்கிறதா என்பதையெல்லாம் நாம் விசாரிப்பதில்லை. சிறியவன் என்ற ஒரு தகுதியே போதும். கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். எளியவன் ஒருவனைக் கதாநாயகனாக வைத்து, அவன் ஜயிக்கிற இடத்தில் "முற்றும்" போட்டுவிட்டால் வாசகர்கள் திருப்தியோடு புத்தகத்தை மூடுவார்கள்.

ஆனால் "முற்றும்" போட்ட இடத்தில் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை. ஜயித்தவன் மறுநாள் காலையில் எழுந்திருக்கிறான். அன்றைக்கு அவன் எளியவன் அல்லன். முந்தின நாள் வரை அவனைத் தோளில் சுமந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அவனுடைய புதிய அந்தஸ்துக்கு அவர்கள் பொருந்த மாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரிகிறது; அவர்களுக்கும் தெரிகிறது. இப்போது அவன் என்ன செய்ய வேண்டும்? "ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யாரோ, நான் யாரோ" என்று நம் பெரியவர்கள் கசப்போடு சொல்லி வைத்தார்கள். அந்தக் கசப்பு முழுக்க நியாயமானதுதானா? கரையேறியவன் பக்கத்திலும் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

சில மாதங்களாக இந்தக் கேள்வியை மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இதை என் முன் கொண்டுவந்து நிறுத்தியது சாஸ்திரப் புத்தகம் அல்ல. பெரிய மனிதர் யாருடைய பிரசங்கமும் அல்ல. கம்ப்யூட்டரில் ஆடுகிற ஒரு விளையாட்டு. சிரிக்க வேண்டாம். சதுரங்கத்தைப் பார்த்து ராஜநீதி பேசியவர்கள் உண்டு. சொக்கட்டானைப் பார்த்து விதியைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. என் காலத்துக்கு இது வாய்த்தது.

"ஃபுட்பால் மானேஜர்" என்பது அந்த விளையாட்டின் பெயர். என் தங்கை மகன் அதை எனக்குக் கற்றுக்கொடுத்தான். கால்பந்து விளையாட்டுத்தான், ஆனால் பந்தை உதைக்கிற வேலை நமக்கு இல்லை. நாம் மானேஜர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரைக் களத்தில் இறக்குவது, யாரை வெளியே உட்கார வைப்பது, யாருக்கு என்ன சம்பளம் என்று தீர்மானிப்பதுதான் ஆட்டம். தொண்ணூறு நிமிஷமும் நாம் கோட்டுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். கெவின் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர் 1982-இல் இதே பெயரில் ஒரு விளையாட்டை எழுதி வெளியிட்டார். இப்போது நாம் ஆடுவது வேறு வழியில் வந்தது. காலியர் சகோதரர்கள் இருவர் தங்கள் வீட்டிலேயே எழுதி, 1992-இல் "சாம்பியன்ஷிப் மானேஜர்" என்று வெளியிட்டது அது. 2004 முதல் அது "ஃபுட்பால் மானேஜர்" ஆயிற்று.

இதில் ஒவ்வொரு ஆட்டக்காரனும் சில எண்கள். ஓட்டத்துக்கு இருபதில் எத்தனை, பந்தை அனுப்பும் திறமைக்கு எத்தனை, தைரியத்துக்கு எத்தனை, விடாமுயற்சிக்கு எத்தனை என்று வரிசையாகப் போட்டிருக்கும். இவை சும்மா போட்ட எண்கள் அல்ல. உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மைதானங்களில் நிஜ ஆட்டக்காரர்களைப் பார்த்து எழுதி அனுப்புகிற கணக்கு. 2008-இல் எவர்ட்டன் என்ற பெரிய கிளப்பே தனக்கு ஆள் தேட இந்த ஜாபிதாவைப் பயன்படுத்திக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டது. நம் கண்ணுக்குக் காட்டாமல் உள்ளே மறைத்து வைத்திருக்கும் எண்களும் உண்டு. அவற்றில் ஒன்று விசுவாசம். ஓர் ஆட்டக்காரனுக்குத் தன் கிளப்பிடம் எவ்வளவு விசுவாசம் என்பதை ஒன்றிலிருந்து இருபதுக்குள் அளந்து வைத்திருக்கிறார்கள். இதை அறிந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அவன் விசுவாசத்துக்கு எண் போட்டாயிற்று. அவனை வைத்துப் பிழைக்கிற என் விசுவாசத்தை யார் அளப்பது?

நான் தேர்ந்தெடுத்த கிளப்பின் பெயர் அக்ரிங்டன் ஸ்டான்லி. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடக்கே, லங்காஷயர் பிரதேசத்தில், ஒரு காலத்தில் பஞ்சாலைகளாலும் செங்கல் சூளைகளாலும் பிழைத்த ஊர் அக்ரிங்டன். ஜனத்தொகை சுமார் 35,000. மைதானத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம். அக்கம்பக்கத்தில் பிளாக்பர்ன், பர்ன்லி என்று பழம்பெருமை வாய்ந்த இரண்டு கிளப்புகள். இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு மாதிரி இது.

இந்த ஓட்டு வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. 1962-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், கடன் தாங்காமல், ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே லீக்கிலிருந்து விலகுவதாக இந்தக் கிளப் கடிதம் எழுதிக் கொடுத்தது. பிறகு மனம் மாறிக் கடிதத்தைத் திரும்பப் பெற முயன்றது. லீக் நிர்வாகம் ஒப்பவில்லை. அந்த வருஷம் அது ஆடியிருந்த ஆட்டங்களையெல்லாம் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். காலியான இடம் ஆக்ஸ்போர்டு யுனைட்டெட் என்ற கிளப்புக்குப் போயிற்று. 1966-இல் ஸ்டான்லி அடியோடு மூடப்பட்டது. 1968-இல் ஊர்க்காரர்கள் கூடி மறுபடி ஆரம்பித்தார்கள். 1989-இல் தொலைக்காட்சியில் வந்த ஒரு பால் விளம்பரத்தில், பெயர் தெரியாத கிளப்புக்கு உதாரணமாக இதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். ஊர் அதையும் பொறுத்துக்கொண்டது.

1999-இல் ஜான் கோல்மன் என்பவர் மானேஜராக வந்தார். அப்போது கிளப் இருந்த இடத்திலிருந்து லீக்குக்கு ஏற மூன்று படி. 2000, 2003, 2006 என்று மூன்று வருஷங்களில் மூன்று படியும் ஏறினார்கள். நாற்பத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு ஸ்டான்லி லீக்குக்குள் திரும்பிய அதே 2006-இல், கீழே இறங்கிய இரண்டு கிளப்புகளில் ஒன்று ஆக்ஸ்போர்டு யுனைட்டெட்! கதையில் இப்படி எழுதினால் செயற்கை என்று சொல்வார்கள். 2018-இல் நான்காம் பிரிவில் முதலிடம் பெற்று மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்தார்கள். 2023-இல் மறுபடி நான்காம் பிரிவுக்கு இறங்கினார்கள். நான் கம்ப்யூட்டரில் மானேஜர் பதவியை ஏற்றது அந்த நான்காம் பிரிவில்.

வாங்குவதற்குப் பணம் கிடையாது. சம்பளத்துக்கு ஒதுக்கியிருந்த தொகையில் பெரிய கிளப் ஒன்றின் மாற்று ஆட்டக்காரன் ஒருவனைக்கூட வைத்துக் காப்பாற்ற முடியாது. ஏழைக் கிளப்புக்கு மூன்று வழிதான். பெரிய கிளப்புகளில் உட்கார்ந்திருக்கும் பையன்களை இரவல் வாங்கலாம். யாரும் கவனிக்காத இளைஞனைத் தேடிப் பிடிக்கலாம். அல்லது, ஒப்பந்தம் முடிந்து யாரும் வேண்டாமென்று விட்ட மூத்தவர்களைச் சும்மா அழைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்குமுன் பத்திரிகைகள் போட்ட ஆரூடத்தில் 24 கிளப்புகளில் எங்களுக்கு 24-ஆம் இடம்.

மூன்றாவது வழியில் வந்தவர்தான் எங்கள் காப்டன். வயது 33. பின்வரிசையில் நின்று கோல் விழாமல் தடுப்பவர். வேறொரு கிளப் கழற்றிவிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெயர் வேண்டாம். அந்தப் பெயரில் ரத்தமும் சதையுமாக ஒரு மனிதர் இருக்கக்கூடும். அவருடைய நிழலை நான் நடத்திய விதம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மனசுக்குள் நான் அவரைப் "பெரியவர்" என்றே அழைத்துவந்தேன். முப்பத்து மூன்று வயதுக்காரரைப் பெரியவர் என்பது மற்ற உத்தியோகங்களில் வேடிக்கை, கால்பந்தில் வாஸ்தவம்.

பெரியவரின் கால்களில் வேகம் இல்லை. ஆனால் தலைமைக்குப் பதினேழு, தைரியத்துக்குப் பதினாறு என்று இருந்தது. இந்த விளையாட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. இளம் ஆட்டக்காரர்களை மூத்தவர் ஒருவரோடு குழுவாகச் சேர்த்துவிட்டால், அவருடைய குணம் சிறுகச் சிறுக அவர்களுக்கும் தொற்றும். நான்கு பையன்களை அவரோடு சேர்த்தேன். முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்து தோல்வி. அக்டோபரில் தோல்வி நின்றது. டிசம்பரில் வெற்றி வர ஆரம்பித்தது. பையன்களுடைய விடாமுயற்சி எண் ஒவ்வொன்றாக ஏறியதைப் பார்த்தபோது, நல்ல வாத்தியார் ஒருவர் வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் ஏற்படும் மாறுதல் நினைவுக்கு வந்தது. நாற்பத்தாறாவது ஆட்டத்தில், கடைசிப் பத்து நிமிஷத்தில், மூலையிலிருந்து வந்த பந்தைப் பெரியவர் தலையால் முட்டிக் கோலுக்குள் தள்ளினார். மூன்றாம் இடம். முதல் மூன்று இடங்களுக்கும் நேரே மேல்பிரிவுக்குப் பதவி உயர்வு.

நடுநிசியில் தனி அறையில் நான் கைதட்டியது அடுத்த அறையில் படுத்திருந்தவர்களை எழுப்பிவிட்டது. காரணம் கேட்டபோது, "அக்ரிங்டன் ஜயித்துவிட்டது" என்றேன். என் உடம்புக்கு ஏதோ என்று பயந்துபோனார்கள்.

மறுநாள் தங்கை மகன் வந்தான். ஜாபிதாவைப் புரட்டிப் பார்த்தான்.

"மாமா, இந்த டீமை வெச்சுக்கிட்டு மேல் டிவிஷன்ல ஒண்ணும் பண்ண முடியாது. ஒன்பது பேரை மாத்தணும்."

"யார் யார்?"

வரிசையாகச் சொன்னான். முதல் பெயர் பெரியவருடையது.

"அவர் அடிச்ச கோல்லதானேடா மேலே வந்தோம்?"

"அது போன வருஷம் மாமா. ஜூன் முப்பதோட அவர் ஒப்பந்தம் முடியுது. தானாப் போயிடுவார். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்."

நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம்! இதைச் சொன்னபோது அவன் குரலில் கொடுமை எதுவும் இல்லை. எனக்குச் சிரமம் வைக்கக் கூடாதே என்ற பரிவுதான் இருந்தது. உலகத்தில் நடக்கிற கைவிடல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன என்று நினைக்கிறேன். யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. ஒரு தேதி வருகிறது, ஒரு காகிதம் புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

வாழ்க்கையில் இல்லாத சௌகரியம் ஒன்று இந்த விளையாட்டில் இருக்கிறது. ஆட்டத்தை ஓர் இடத்தில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒரு வழியில் போய்ப் பார்க்கலாம். திரும்பி வந்து மற்றொரு வழியிலும் போய்ப் பார்க்கலாம். 1962-இல் அக்ரிங்டன் எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை. எனக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு வழியையும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதல் வழி: எல்லோரையும் வைத்துக்கொண்டேன். பெரியவருக்கு இன்னொரு வருஷ ஒப்பந்தம், கொஞ்சம் கூடுதல் சம்பளம், காப்டன் பதவி எல்லாம் கொடுத்தேன். என் மனசு நிறைந்திருந்தது. ஆகஸ்டில் ஆட்டம் தொடங்கியது. மூன்றாம் பிரிவில் எதிரணிப் பையன்கள் அவரைத் தாண்டிக் குதிரை மாதிரி ஓடினார்கள். வயதாக ஆக ஓட்டத்தின் எண்ணைக் கம்ப்யூட்டர் குறைத்துக்கொண்டே வரும். ஒன்பதாக இருந்தது ஆறாயிற்று. ஜனவரியில் நாங்கள் கடைசி இடத்தில் இருந்தோம். அவர் வளர்த்த நான்கு பையன்களுடைய உற்சாகமும் தரையைத் தொட்டது. அவர்களில் கெட்டிக்காரனான ஒருவன் வேறு கிளப்புக்குப் போக அனுமதி கேட்டான். ஏப்ரலில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம். கடைசியில் பெரியவரே தம்மை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் வழி: தங்கை மகன் சொன்னபடி ஒன்பது பேரை மாற்றினேன். புதியவர்கள் வந்தார்கள். பதினான்காம் இடத்தில் கௌரவமாக முடித்தோம். டைரக்டர்கள் குழு பாராட்டியது. அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், கடிதங்களுக்கு நடுவே ஒற்றை வரிச் செய்தி ஒன்று வந்தது. எந்தக் கிளப்பும் கிடைக்காததால் பெரியவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று. அன்றைக்கு வந்த பன்னிரண்டு செய்திகளில் அது ஒன்று. அடுத்த செய்தி, மைதானத்துப் புல்லைப் பற்றியது.

இரண்டு தடவை ஆடிப் பார்த்ததால் எதுவும் நிரூபணமாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. மூன்றாவது தடவை அதே பழைய அணி பிழைத்துக்கொண்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் என் கேள்விக்கு அது பதிலாகாது. நன்றியுள்ளவன் ஜயிப்பானா, நன்றி கெட்டவன் ஜயிப்பானா என்பதல்ல கேள்வி. எது சரி என்பதுதான்.

"இல்லாத மனிதருக்காக இவ்வளவு விசாரமா?" என்று நீங்கள் கேட்கலாம். நாவல் படிக்கிறவர்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இல்லாத மனிதர்களுக்காக அழுவதுதானே நம் இரு தரப்பாரின் தொழிலும்! இருந்தாலும் பதில் சொல்கிறேன். அந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் உண்டு. மில்வால் என்ற கிளப்பில் செர்னோ சாம்பா என்று ஒரு பையன் இருந்தான். 2001-02 பதிப்பில் அவனுக்குப் போட்டிருந்த எண்கள் அபாரமானவை. அந்த விளையாட்டை ஆடியவர்களுக்கெல்லாம் அவன் கோல்களைக் குவித்தான், பெரிய நட்சத்திரமானான். நிஜ உலகில் அவர் வாழ்க்கை வேறு மாதிரி போயிற்று. பல தேசங்களில் சிறிய கிளப்புகளில் ஆடினார். காம்பியா நாட்டுக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார். 2015-இல் ஓய்வு பெற்றார். தான் வாழாத ஒரு மகத்தான வாழ்க்கைக்காக முன்பின் தெரியாதவர்கள் தன்னைக் கொண்டாடுவதைக் கேட்டுக்கொண்டே ஒரு மனிதர் வாழ வேண்டியிருந்தது. எண் எழுதியவர்கள் யாரும் அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை. எண் என்பது அப்படிப்பட்டது. அது மனிதனைப் பார்ப்பதில்லை. அவனால் வரப்போகும் பயனைப் பார்க்கிறது.

நிஜமான ஓர் உதாரணத்தையும் பார்த்துவிடுவோம். 2015-ஆம் வருஷம் இங்கிலாந்தின் முதல் பிரிவில் லெஸ்டர் சிட்டி என்ற கிளப் பட்டம் வெல்வதற்குப் பந்தயம் பிடிப்பவர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகச் சொன்னார்கள். நடக்கவே நடக்காது என்பதற்கு அவர்கள் பாஷையில் அதுதான் சொல். முந்தின பருவத்தில் கீழே விழாமல் தப்பித்ததே அவர்களுக்குப் பெரிய காரியம். கிளாடியோ ரனியேரி என்ற இத்தாலியர், வயது அறுபதைத் தாண்டியவர், மானேஜராக வந்தார். முன்னணியில் ஆடிய ஜேமி வார்டி, சில வருஷங்களுக்கு முன்பு வரை தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிறு கிளப்புகளில் ஆடியவர். 2016 மே மாதம் 2-ஆம் தேதி பட்டம் அவர்களுடையது என்று முடிவாயிற்று. பருவம் முடிந்தபோது 81 புள்ளிகள். இரண்டாம் இடத்தைவிடப் பத்து அதிகம். உலகமே அந்த எளியவர்களுக்காகக் கைதட்டியது.

கதாசிரியர்கள் அங்கே "முற்றும்" போட்டுவிட்டார்கள். ஆனால் அடுத்த பருவத்தில் லெஸ்டர் தோற்றுக்கொண்டே வந்தது. 2017 பிப்ரவரி 23-ஆம் தேதி, பட்டம் வாங்கிப் பத்து மாதம்கூட நிறையாத நிலையில், ரனியேரியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அப்போது கிளப் பதினேழாம் இடத்தில் இருந்தது. கீழே விழும் கோட்டுக்கு ஒரே புள்ளி மேலே. போட்டிக் கிளப்பின் மானேஜரான மொரீன்யோ, ரனியேரியின் பெயர் எழுத்துக்களைத் தம் சட்டையில் பொறித்துக்கொண்டு மறுநாள் நிருபர்கள் முன் வந்து உட்கார்ந்தார். நன்றி கெட்ட உலகம் என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் விஷயம் அங்கேயும் முடியவில்லை. அவர் போன பிறகு லெஸ்டர் ஜயிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டாம் இடத்தில் பத்திரமாக முடித்தது. கணக்குப் பார்த்தால் நீக்கியவர்கள் செய்தது சரி. கணக்குச் சரியாக வந்த பிறகும் நம் மனசு ஏன் சமாதானம் ஆகவில்லை?

மகாபாரதத்தின் முடிவில் பாண்டவர்கள் வடக்கே நடக்கிறார்கள். வழியில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். ஏன் விழுந்தார்கள் என்று பீமன் கேட்கும்போதெல்லாம் தருமபுத்திரர் காரணம் சொல்கிறார். இவளுக்குப் பட்சபாதம், இவனுக்கு அறிவின் கர்வம், இவனுக்கு அழகின் கர்வம், இவனுக்கு வீரத்தின் கர்வம், உனக்குப் போஜனப் பிரியம் என்கிறார். திரும்பிப் பாராமல் நடக்கிறார். காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் சிறு வயதில் கேட்டபோதே எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. கூட வந்தவர்கள் விழும்போது காரணம் சொல்வது எவ்வளவு சுலபம்! ஓட்டம் ஆறு, வேகம் ஏழு என்பதைப் போலத்தான் அதுவும். கடைசியில் ஒரு நாய்க்காக அவர் சொர்க்கத்தின் வாசலில் நின்றுவிட்டார் என்பதற்காகத்தான் அந்த நடையை நாம் மன்னிக்கிறோம். அந்த நாய்க்கு எந்தத் திறமையும் இல்லை. கடைசி வரை கூட வந்தது என்பது ஒன்றே அதன் தகுதி. அதை விட்டுவிட்டு வரும் சொர்க்கம் தமக்கு வேண்டாம் என்றார்.

மானேஜர்களுக்கு இந்தக் கதை முழுவதும் உதவாது. தருமபுத்திரர் வேண்டாமென்றது தம்முடைய சொர்க்கத்தை. பின்னால் இருபது பையன்களும் ஐயாயிரம் ஊர்க்காரர்களும் அதே வாசலில் காத்துக்கொண்டிருந்தால், நாய்க்காக அவர்களையும் வெளியே நிறுத்தியிருப்பாரா? எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வித்தியாசத்திலிருந்துதான் என் கேள்விக்கு ஒரு வழி தெரிந்தது. அவர் கொடுத்தது தம் சொந்தக் கையிலிருந்து.

முதல் வழியில் நான் பெரியவருக்குக் காப்டன் பதவி கொடுத்தேனே, அது யாருடைய சொத்து? என்னுடையதா? அந்தப் பதவி அணிக்குச் சொந்தம். அவர் வளர்த்த பையன்களுடைய ஒரு வருஷ வாழ்வும், மழையில் நின்று பார்க்கிற ஊர்க்காரர்களுடைய ஆசையும் அதில் அடங்கியிருந்தன. என் நன்றிக்கடனை அவர்கள் பணத்தில் அடைத்துவிட்டு, நான் பெருமூச்சு விட்டுத் தூங்கினேன். அதில் பெரியவருக்கும் சுகம் இல்லை. தம்மால் முடியாத வேலையில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு வருஷம் அவர் நிற்க வேண்டியிருந்தது. இரண்டாம் வழியிலோ, கடன் என்று ஒன்று இருப்பதையே கணக்குப் புத்தகத்திலிருந்து அழித்தாயிற்று. ஒரு வழி ஊரார் பணத்தில் தானம். மற்றது வாங்கிய கடனை இல்லை என்பது. வெளிப்பார்வைக்கு எதிரும் புதிருமான இந்த இரண்டிலும் ஒற்றுமை ஒன்று உண்டு. இரண்டிலும் என் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

அப்படியானால் சொந்தக் கையிலிருந்து கொடுப்பது என்றால் எது? பணம் அல்ல என்றே நினைக்கிறேன். நேரில் போய் உட்கார்ந்து உண்மையைச் சொல்வது. அதை அவருக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள அவகாசம் இருக்கும்போதே சொல்வது. அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு எழுந்து போகாமல் இருப்பது. தனக்கு ஆதாயம் இல்லாத இடத்திலும் அவர் பெயரை நாலு பேரிடம் எடுத்துச் சொல்வது. இவற்றுக்கு அணியின் பணம் வேண்டாம். மானேஜரின் மனசு வேண்டும். அதனால்தான் இவை அபூர்வமாக நடக்கின்றன. "ஜூன் முப்பதோடு தானாகப் போய்விடுவார்" என்பதில் மிச்சமாவது கிளப்பின் பணம் அல்ல; நம்முடைய தர்மசங்கடம்தான்.

மூன்றாம் முறையும் ஆடிப் பார்த்தேன். இந்தத் தடவை ஜூனுக்கு அல்ல, மார்ச்சுக்கே திரும்பிப் போனேன். பதவி உயர்வுக்கு இன்னும் பத்து ஆட்டம் பாக்கி. அடுத்த வருஷம் ஒப்பந்தம் இல்லை என்பதை அப்போதே பெரியவருக்குத் தெரிவித்தேன். பையன்களுக்குப் பயிற்சி அளிக்கும் உத்தியோகம் ஒன்றை ஏற்கும்படி கேட்டேன். தங்கை மகன் தலையில் அடித்துக்கொண்டான். "ஸீஸன் நடுவுல யாராவது சொல்வாங்களா மாமா? ஜயிச்ச பிறகு சொல்லக்கூடாதா?" என்றான். அவன் பயந்தபடியே ஆயிற்று. பெரியவரின் உற்சாகம் சரிந்தது; அவரைச் சேர்ந்த பையன்கள் முகம் கறுத்தார்கள்; அடுத்த இரண்டு ஆட்டங்களும் தோல்வி. உண்மைக்கு விலை உண்டு என்பதையும், அந்த விலை முழுவதும் சொன்னவன் கையிலிருந்தே போவதில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. பிறகு மெள்ள மெள்ள நிமிர்ந்தார்கள். கடைசி நாளில், கோல் கணக்கின் வித்தியாசத்தில், அதே மூன்றாம் இடம் கிடைத்தது.

பயிற்சி உத்தியோகத்தைப் பெரியவர் மறுத்துவிட்டார். இன்னும் ஆட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஐந்தாம் பிரிவில் ஒரு சிறு கிளப் அவரை அழைத்துக்கொண்டது. முன்கூட்டியே தெரிந்திருந்ததால் தேடிக்கொள்ள அவருக்கு நேரம் இருந்தது. அவருக்கு என் மேல் கோபமா, நன்றியா என்பதைக் கம்ப்யூட்டர் தெரிவிக்கவில்லை. அவர் நன்றி பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கும் எனக்கு உரிமை இல்லை. கடன்பட்டவன் நான்.

கடன் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். செய்ந்நன்றிக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி அதற்கு "செய்ந்நன்றி அறிதல்" என்று பெயர் வைத்தார். அடைத்தல் என்றோ தீர்த்தல் என்றோ சொல்லாமல் அறிதல் என்றது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சில கடன்களை அடைக்க முடியாது, அறிந்துகொண்டிருக்கத்தான் முடியும்.

அக்ரிங்டனை மூன்று படி ஏற்றிய ஜான் கோல்மன் 2012-இல் வேறு கிளப்புக்குப் போனார். 2014-இல் திரும்பி வந்தார். 2024 மார்ச்சில் கிளப் அவரை விலக்கியது. அது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல ஐயாயிரம் மைலுக்கு அப்பால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் நான் யார்? பிரிவுகள் தவிர்க்க முடியாதவை. தொழிலிலும் சரி, குடும்பத்திலும் சரி, நம்மை ஏற்றிவிட்டவர்கள் எல்லோரையும் நாம் ஏறுகிற இடத்துக்கெல்லாம் அழைத்துப் போக முடியாது. ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு மாடியில் நடமாட முடியுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஏணி மரம், ஏற்றிவிட்டவர் மனிதர் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டுவேன். விடைபெறுகிற அன்று அவர் முகத்தை நேரே பார்க்கும் தைரியம் கரையேறியவனுக்கு இருக்கிறதா என்பதைக் கொண்டே, அன்று நாம் அவனுக்காகக் கைதட்டியது தகுமா என்று சொல்ல முடியும்.